தெரியாது என்று சொன்ன நிருபர்

சென்ற பொங்கல் விழாவன்று நம் மன்றத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். எங்கள் இயற்பியல் துறையில் படித்து முதல் வகுப்பில் தேறியவர். இப்போது மும்பையில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் பணியாற்றுகிறார். விடுதி முற்றத்தில் இலையில் பொங்கலை வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்: "அண்ணா, இயற்பியல் படித்த உங்களுக்கு அங்கே என்ன வேலை?" அவர் சிரித்தார். "கணக்குப் போடுகிற வேலைதான் தம்பி. எதற்காகப் போடுகிறேன் என்று மட்டும் கேட்காதே. உனக்குப் புரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கே முழுதும் புரியாது" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆயினும் அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. தனக்கே புரியாத ஒன்றை நாள்தோறும் கணக்கிட்டு, அதற்கு மாதச் சம்பளமும் பெறும் உலகம் ஒன்று உண்டா? அதைப் பற்றி அறிய வேண்டி நூல்நிலையத்தில் தேடியபோது கையில் அகப்பட்டது ஒரு டச்சு நிருபரின் நூல். பெயர் யோரிஸ் லாயண்டைக். அவருடைய பணி வாழ்க்கையை நம் மன்றத் தோழர்கள் அறிந்துகொள்வது நலம் என்று தோன்றியது. பொருளியல் படிப்போருக்கு மட்டுமன்று, விஞ்ஞானம் படிக்கும் நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

வணிகரின் நாடு, வணிகரின் இதழ்

ஹாலந்து என்று நாம் பழக்கத்தில் சொல்லும் நெதர்லாந்து நமக்குப் புதிய நாடன்று. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களும், 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியவர்களும் அந்நாட்டாரே. நம் முன்னோர் அவர்களை ஒல்லாந்தர் என்றனர். அவர்களை இங்கே அனுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியது. அதன் பங்குகளைப் பொதுமக்கள் வாங்கினர். வாங்கிய பங்குகளை ஆம்ஸ்டர்டாமில் கைமாற்றினர். உலகின் பங்குச் சந்தைகளுக்கு முன்னோடி அதுவே என்பர்.

வணிகம் செழித்த நாட்டில் வணிகச் செய்தியும் செழிக்கும் அன்றோ? எந்தத் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, எந்த நாட்டில் போர் மூண்டது, அதனால் எந்தச் சரக்கின் விலை ஏறும் என்று அறிய வணிகர்கள் செய்தித்தாளை நாடினர். ஆகவே அந்நாட்டில் பொருளாதாரச் செய்தியும் அரசியல் செய்தியும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் வளர்ந்தன. 1828இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக இதழும், 1844இல் ரோட்டர்டாமில் மற்றோர் இதழும் தோன்றின. இரண்டும் 1970இல் இணைந்து என்.ஆர்.சி. ஹாண்டல்ஸ்பிளாட் என்று பெயர் பெற்றன. ஹாண்டல்ஸ்பிளாட் என்றாலே வணிகத்தாள் என்றுதான் பொருள். நம் கட்டுரைத் தலைவரும் அவ்விதழுக்காக எழுதியவரே.

பயிற்சி பெறாத நிருபர்

லாயண்டைக் 1971இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அரபு மொழியும் மானிடவியலும் கற்றார். மக்கள் கூட்டம் ஒன்றன் நடுவே சென்று வாழ்ந்து, அவர்களுடைய பழக்கவழக்கங்களையும் எண்ணங்களையும் அறிவது மானிடவியலாரின் முறை. கெய்ரோ பல்கலைக்கழகத்தில் சில காலம் படித்தபோது எகிப்திய மாணவரோடு பழகிய அனுபவத்தை ஒரு நூலாக எழுதி 1998இல் வெளியிட்டார்.

அரபு மொழி தெரிந்த இளைஞர் ஒருவர் கிடைத்தார் என்று டி வோல்க்ஸ்கிராண்ட் என்னும் நாளிதழ் அவரை மத்தியக் கிழக்கு நிருபராக்கியது. இதழியலில் பயிற்சி எதுவும் அவர் பெற்றதில்லை. 1998 முதல் 2003 வரை கெய்ரோ, பெய்ரூட், கிழக்கு ஜெருசலேம் ஆகிய நகரங்களில் இருந்துகொண்டு நாளிதழுக்கும் வானொலிக்கும் செய்தி அனுப்பினார். பின்னர் என்.ஆர்.சி. ஹாண்டல்ஸ்பிளாட் இதழுக்கும் என்.ஓ.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கும் பணி செய்தார்.

நிருபர் என்பவர் யார்? நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு ஓடிச்சென்று, கண்ணால் கண்டு, காதால் கேட்டு, ஊருக்கு எழுதி அனுப்புபவர் என்று நாம் எண்ணுகிறோம். அவரும் அவ்வாறே எண்ணித்தான் சென்றார். சென்ற பிறகு கண்டது வேறு. உலகச் செய்தி நிறுவனங்களின் செய்தி அவருக்கு எட்டுமுன்பே தாய்நாட்டு அலுவலகத்துக்கு எட்டிவிடும். அலுவலகத்தார் அவரை அழைத்து இன்னது நடந்திருக்கிறது என்று அவருக்கே சொல்லுவார்கள். அதையே அவர் தம் சொற்களில் வானொலியில் திருப்பிச் சொல்லுவார். கேட்பவர்களோ, அவ்விடத்தில் நின்று பார்த்துச் சொல்லுகிறார் என்று நம்புவார்கள்!

இதைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. சர்வாதிகார நாட்டில் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிவது எப்படி? நேர்மையான தேர்தல் இல்லை; கருத்துக் கணிப்பு இல்லை; அரசு தரும் புள்ளிவிவரத்தை நம்ப வழியில்லை. தெருவில் ஒருவரை நிறுத்திக் கேட்டால் அவர் ஆட்சியாளரைப் புகழ்வார். அது அன்பினால் வந்த புகழா, அச்சத்தினால் வந்த புகழா? முன்பின் அறியாத வெளிநாட்டாரிடம் மனத்தைத் திறந்து, நாளை சிறைக்குச் செல்ல யார்தான் துணிவார்? எனினும் மறுநாட் காலை செய்தித்தாளில் அந்நாட்டு மக்களின் எண்ணம் இன்னது என்று ஏதேனும் ஒன்று அச்சாகியே ஆக வேண்டும்.

சொற்களிலும் சிக்கல் இருந்தது. ஒரே நிலப்பகுதியை ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்று ஒரு சாரார் கூறுவர். சர்ச்சைக்குரிய பகுதி என்று மற்றொரு சாரார் கூறுவர். 2002இல் இஸ்ரேல் எழுப்பத் தொடங்கிய தடுப்பைச் சிலர் சுவர் என்றனர். சிலர் வேலி என்றனர். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகும். இரு பக்கத்துக்கும் பொதுவான சொல்லே அகப்படவில்லை. படக்கருவியும் அப்படித்தான். சிறு கூட்டத்தை அருகில் நின்று படம் பிடித்தால் ஊரே திரண்டது போலத் தோன்றும். சற்று விலகி நின்று பிடித்தால், பக்கத்துக் கடையில் அமைதியாகத் தேநீர் குடிப்பவரும் தெரிவர்.

தாய்நாடு திரும்பியபின் இவற்றையெல்லாம் 2006இல் ஒரு நூலாக எழுதினார். அவர்களும் மனிதர்கள்தாம் என்பது போன்ற தலைப்புடைய அந்நூல் நெதர்லாந்தில் பெரும் விவாதத்தை எழுப்பியது. சக நிருபர்கள் பலருக்குச் சினம் வந்தது. தம் தொழிலின் ஓட்டைகளைத் தாமே வெளியில் சொல்லுவதா என்று கேட்டனர். அவர் பிறர்மீது பழி சுமத்தவில்லை. அறிய முடியாததை, அறிய முடியவில்லை என்று வாசகரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே அவர் கோரியது.

தோழர்களே, ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வது இதுதானே? ஒரு கம்பியின் நீளத்தை அளந்து எழுதும்போது, அளவுகருவியால் வரக்கூடிய பிழையையும் பக்கத்தில் எழுதுகிறோம். பிழையைக் குறிக்காத அளவீட்டை ஆசிரியர் ஏற்பதில்லை. சிவப்பு மையால் சுழித்துவிடுகிறார். நாம் காலையில் படிக்கும் செய்தித்தாளிலோ, அளவீடு மட்டும் இருக்கிறது. பிழை எவ்வளவு என்பது இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொன்ன நிருபர் இவர்.

உள்ளூர் ஆராய்ச்சி

வெளிநாட்டு மக்களை ஆராய்ந்த மானிடவியலார் தம் நாட்டு அரசியல்வாதிகளை ஆராய்ந்தால் என்ன? 2010இல் ஹேக் நகரத்தில் உள்ள பின்னன்ஹோப் என்னும் பாராளுமன்ற வளாகத்தில் ஒரு மாத காலம் தங்கிப் பார்த்தார். யார் யாரோடு பேசுகிறார்கள், எந்த மேசையில் யார் உணவு உண்கிறார்கள், எந்தச் செய்தி எந்த வழியாக வெளியே கசிகிறது என்று கவனித்தார். அந்நூலின் தலைப்பு, "நான் சொன்னதாகச் சொல்லாதே, ஆனால்..." என்னும் பொருளுடையது. அரசியல்வாதியும் நிருபரும் அவ்வளாகத்தில் ஒருவருக்கொருவர் மிகுதியாகச் சொல்லிக்கொள்ளும் தொடர் அதுவே போலும்! பெயர் வெளியிடாமல் ஒருவர் இரகசியம் தருகிறார். கைம்மாறாக அவரைப் பற்றி இதமாக எழுதப்படுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் வாசகன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவர் ஒரு புதுமையான சோதனையும் செய்தார். தமக்குச் சிறிதும் தெரியாத ஒரு பொருளை எடுத்துக்கொள்வது. அகர முதல் கேட்டுத் தெரிந்துகொள்வது. தெரிந்துகொள்ளும் வழியில் வாசகரையும் உடன் அழைத்துச் செல்வது. மின்சாரக் கார் நல்லதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு வல்லுநர் ஒவ்வொருவரிடமும் சென்று கேட்டார். வல்லுநர் எழுதும் கட்டுரை ஐந்தாம் படியில் தொடங்கும். வாசகன் முதற்படியில் நின்று அண்ணாந்து பார்ப்பான். இவரோ வாசகனோடு முதற்படியில் நின்று, ஒவ்வொரு படியாக ஏறினார்.

இதைக் கேள்வியுற்ற கார்டியன் என்னும் இலண்டன் நாளிதழின் அப்போதைய ஆசிரியர் ஆலன் ரஸ்பிரிட்ஜர், இதே முறையில் நிதி உலகத்தை ஆராய்ந்தால் என்ன என்று கேட்டார். 2011இல் லாயண்டைக் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

இலண்டன் வங்கிகளில்

அந்த அழைப்பின் அவசியத்தை உணர, 2008ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். செப்டம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் என்னும் பெரு நிறுவனம் திவாலாயிற்று. அதன் அதிர்ச்சி நெதர்லாந்தையும் விடவில்லை. அந்நாட்டின் பெருமையாக விளங்கிய ஏ.பி.என். அம்ரோ வங்கியை, அதற்கு முந்திய ஆண்டில்தான் மூன்று வெளிநாட்டு வங்கிகள் சுமார் 7,100 கோடி யூரோ கொடுத்து வாங்கிப் பங்கிட்டிருந்தன. ஓர் ஆண்டில் அவற்றுள் ஒன்றான போர்டிஸ் தள்ளாடியது. 2008 அக்டோபரில் டச்சு அரசு 1,680 கோடி யூரோ மக்கள் பணத்தைக் கொடுத்து, அதன் டச்சுப் பகுதியை ஏ.பி.என். அம்ரோவோடு சேர்த்து வாங்கிக் காப்பாற்ற நேர்ந்தது. ஐ.என்.ஜி. என்னும் மற்றொரு வங்கிக்கு 1,000 கோடி யூரோ அளித்தது.

இத்தனையும் செய்தவர்கள் இரவில் எப்படி உறங்குகிறார்கள்? சாதாரண மனிதன் கேட்கும் இந்தக் கேள்வியோடுதான் அவர் தொடங்கினார். ஆனால் பதில் சொல்ல ஆள் கிடைக்க வேண்டுமே! பத்திரிகையாளரிடம் பேசுவோர் வேலை இழப்பர் என்பது அங்கே எழுதாத சட்டம். ஆகவே பெயரையும் நிறுவனத்தையும் வெளியிடுவதில்லை என்று வாக்களித்து, பேச விரும்புவோர் வரலாம் என்று இதழ் வாயிலாகவே அழைத்தார். முதலில் சிலரே வந்தனர். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பலர் வந்தனர். இரண்டு ஆண்டுகளில் சுமார் 200 பேரிடம் பேசினார். அவர்கள் கூறியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கார்டியன் இதழின் இணையப் பக்கத்தில் தொடராக வெளியிட்டார்.

அவர் கண்டவற்றுள் மூன்றை மட்டும் இங்கே கூறுகிறேன்.

முதலாவது, புரியாமை. 2008இல் உலகைக் கவிழ்த்த சரக்கை எடுத்துக்கொள்வோம். பல்லாயிரம் வீட்டுக் கடன்களை ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டிலிருந்து வரும் வட்டியைப் பல அடுக்குகளாகப் பிரித்து விற்பார்கள். சிலர் கடனைச் செலுத்தத் தவறினால் நட்டம் முதலில் கீழடுக்கை வாங்கியவரைச் சேரும். எல்லோரும் ஒரே சமயத்தில் தவறப் போவதில்லை. ஆகவே மேலடுக்குக்கு ஆபத்தே இல்லை என்று கணக்குச் சொன்னது. நம் விடுதியில் ஒரு நாளில் ஒரு மாணவனுக்குக் கால் சுளுக்கலாம். அதே நாளில் நூறு பேருக்கும் சுளுக்காது. இந்தக் கணக்கு சரி. ஆனால் காய்ச்சல் அப்படியா? ஒருவனிடமிருந்து மற்றவனுக்குத் தொற்றும். ஒரே வாரத்தில் விடுதி முழுதும் படுத்துவிடும். அமெரிக்காவில் வீட்டு விலை நாடெங்கும் சரிந்தபோது, கடன் தவறுதல் சுளுக்கைப் போல இருக்கவில்லை. காய்ச்சலைப் போல இருந்தது. மேலடுக்கும் இடிந்தது. அந்தச் சரக்குக்கு உயர்ந்த தரச்சான்று அளித்தவர்களுக்குக் கூலி கொடுத்தவர்கள் யார்? அதை ஆக்கி விற்றவர்களே! தேர்வு எழுதுபவனிடம் சம்பளம் பெற்றுக்கொண்டு விடைத்தாள் திருத்துவதை ஒத்தது இது. விற்றவர், வாங்கியவர், சான்றளித்தவர், மேற்பார்வையிட்டவர் ஆகியோருள் பலருக்கு அச்சரக்கு முழுதும் புரியவில்லை என்பதை அவர் மீண்டும் மீண்டும் கேட்டார். அந்தக் கணக்குகளைப் போட்டவர்களுள் நம்மைப் போல் இயற்பியலும் கணிதமும் படித்து வந்தவர்களும் உண்டு.

இரண்டாவது, அச்சம். பெரிய வங்கியில் மூன்று பகுதிகள் உண்டு. பேரம் பேசிப் பணம் ஈட்டுவோர் முன்பகுதி. அவர்கள் எல்லை மீறாமல் பார்ப்போர் நடுப்பகுதி. கணக்கு எழுதிப் பதிவு செய்வோர் பின்பகுதி. பெருஞ்சம்பளமும் மரியாதையும் முன்பகுதியாருக்கே. இது ஆபத்தானது, வேண்டாம் என்று அடிக்கடி சொல்லும் நடுப்பகுதியார் வேண்டாதவராகிவிடுவர். வேலையோ நிலையில்லாதது. ஒரு தொலைபேசி அழைப்பு வரும். எழுந்து போனால் வேலை போய்விட்டது என்பார்கள். நுழைவுச் சீட்டு அந்தக் கணமே செல்லாததாகும். காவலர் துணையோடு வாயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் இத்தனையும் முடிந்துவிடும். நாளைக்கு இங்கே இருப்போமா என்று தெரியாதவன், பத்து ஆண்டு கழித்து நிறுவனம் என்னவாகும் என்று கவலைப்படுவானா?

மூன்றாவது, யாருடைய பணம் என்பது. ஒரு காலத்தில் அத்தகைய நிறுவனங்கள் பல, கூட்டாளிகளின் சொந்தச் சொத்தாக இருந்தன. நட்டம் வந்தால் அவர்கள் வீடு வாசல் போகும். ஆகவே ஒருவரையொருவர் கண்காணித்தனர். 1986இல் இலண்டன் பங்குச் சந்தையின் பழைய விதிகள் தளர்த்தப்பட்டபின், அந்நிறுவனங்களைப் பெரிய வங்கிகள் விழுங்கின. இலாபம் வந்தால் வெகுமதி தமக்கு. நட்டம் வந்தால் பங்குதாரருக்கு. வங்கியே கவிழ்ந்தால் அரசுக்கு, அதாவது மக்களுக்கு. இந்த ஏற்பாட்டில் நல்லவனை உட்கார வைத்தாலும் அவன் செய்கை எப்படியிருக்கும்?

அவர் இலண்டனில் இருந்த காலத்திலேயே இதற்குச் சான்று கிடைத்தது. வங்கிகள் தமக்குள் கடன் வாங்கும் வட்டி விகிதத்தைத் திரித்துக் கூறிய குற்றத்துக்காக 2012இல் பார்க்லேஸ் வங்கிக்கு 29 கோடி பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அதே குற்றத்துக்காக நெதர்லாந்தின் ராபோபேங்க் 77 கோடியே 40 லட்சம் யூரோ செலுத்தியது. அதன் தலைவர் பதவி விலகினார். உழவர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கங்களிலிருந்து வளர்ந்த வங்கி அது!

பேசிய 200 பேரும் ஒரே வார்ப்பில் வந்தவர்களல்லர். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தவர் சிலர்; உலகமே தம் காலடியில் என்று இறுமாந்தவர் சிலர்; தம் வட்டத்துக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதையே மறந்தவர் சிலர். அரக்கர்களைத் தேடிப் போன நிருபர் பெரும்பாலும் சாதாரண மனிதர்களையே கண்டார். இது நல்லதா, கெட்டதா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. சட்டம் இடம் தருகிறதா என்பதே கேள்வி. ஆசையும் அச்சமும் அவர்களை எங்கே தள்ளுகின்றனவோ அங்கே செல்கிறார்கள். குற்றம் முழுவதும் மனிதரிடம் இல்லை. அவர்களை இயக்கும் விதிகளில் இருக்கிறது என்பதே அவர் முடிவு.

2015இல் இவை நூலாக வெளிவந்தன. "இது உண்மையாக இருக்க முடியாது" என்பது டச்சுத் தலைப்பின் பொருள். அவ்வாண்டு வாசகர்களே வாக்களித்து வழங்கிய என்.எஸ். பரிசு அந்நூலுக்குக் கிடைத்தது. அதில் ஓர் உவமை உண்டு. விமானத்தில் பறந்துகொண்டிருக்கிறீர்கள், எஞ்சினில் தீயைக் காண்கிறீர்கள், பணிப்பெண் ஒன்றுமில்லை என்கிறாள். மனம் கேளாமல் எழுந்து சென்று விமானியின் அறைக் கதவைத் திறக்கிறீர்கள். அங்கே கொடிய விமானி இல்லை; குடித்த விமானியும் இல்லை; ஒருவருமே இல்லை!

குறைகளும் உண்டு

இவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெயரில்லாத சாட்சியை வாசகர் சரிபார்க்க இயலாது. அழைப்பைக் கண்டு தாமாக வந்து பேசியவர்கள், பேச மனமிருந்தவர்கள். மனநிறைவோடு இருந்தவர்கள் வந்திருக்க மாட்டார்கள் என்று கருத இடமுண்டு. நம் துறையில் இதைத் தெரிவுப் பிழை என்போம். சாட்சிகளின் அச்சத்தை நோக்கும்போது வேறு வழி இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

2022இல் அவர் எழுதிய நூல் ஒன்று இன்னும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆண், வெள்ளையர், கல்வி பெற்றவர், வசதியோ படிப்போ உள்ள பெற்றோரின் பிள்ளை என்று ஏழு அனுகூலங்களை எண்ணி, ஏழும் தமக்கு வாய்த்திருந்ததால்தான் கதவுகள் எளிதில் திறந்தன என்று அதில் ஒப்புக்கொண்டார். பெண்களும் குடியேறி வந்தோரும் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அப்போது காது கொடாத நாடு, அதே செய்தியை இவர் சொன்னதும் காசு கொடுத்து வாங்குகிறதே என்றனர் விமரிசகர்கள். அந்தக் கண்டனம் நியாயமானதே. ஐம்பது வயதில்தான் அவர் தம்மையும் ஓர் அளவுகருவி என்று கருதித் தம் பிழையைக் குறித்தார். காலம் கடந்து குறித்தார், எனினும் குறித்தார்.

கேட்க வேண்டிய கேள்வி

இனி என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு நிதி நிறுவனம் கடை திறந்தது. வேறெங்கும் கிடைக்காத வட்டி தருவதாகச் சொன்னார்கள். ஊரில் படித்தவர்கள் எல்லோரும் பணம் போட்டனர். என் தந்தையும் வீடு கட்ட வைத்திருந்த தொகையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். திண்ணையில் இருந்த ஆச்சி கேட்டாள்: "எய்யா, நமக்கு இம்புட்டு வட்டி குடுக்கான்னா, அவனுக்கு எங்கேயிருந்து வருது?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது, அம்மா" என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கினார். எல்லோரும் சிரித்தோம். இரண்டு ஆண்டில் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது. கட்ட நினைத்த வீடு இன்றும் அஸ்திவாரத்தோடு நிற்கிறது. ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆயினும் அவள் கேட்டது பொருளாதாரத்தின் முதற் கேள்வி. ஊரிலே படித்தவர் எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற கூச்சம்!

இலண்டனில் கோடிக்கணக்கான பவுனைக் கையாண்டவர்களின் வாயை அடைத்ததும் இதே கூச்சந்தான். இதைத்தான் லாயண்டைக்கின் நூலில் படித்தேன். எனக்கு இது புரியவில்லை, விளக்குங்கள் என்று ஒரு மனிதர் நாணமின்றிக் கேட்டதால், புரிந்தவர் போல் நடித்தவர்கள் இத்தனை பேர் என்பது வெளிப்பட்டது. நாமோ பட்டம் பெறப் பெற இந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியத்தை இழந்து வருகிறோம். கருத்தரங்கில் புரியாமலே தலையசைக்காதவர் நம்முள் எத்தனை பேர்?

வரும் மாதம் அந்த அண்ணா பணிபுரியும் நிறுவனத்தார் எங்கள் துறைக்கும் ஆள் எடுக்க வருகிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். சம்பளம் பெரிது, அந்த அஸ்திவாரத்தின்மேல் சுவர் எழுப்ப அது வேண்டும். இதை மறைத்துப் பெருந்தன்மை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேர்முகத் தேர்வின் முடிவில், நீ ஏதேனும் கேட்க விரும்புகிறாயா என்று அவர்கள் கேட்பது வழக்கமாம். ஆச்சியின் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் விடை எனக்குப் புரிகிறதா என்று பார்ப்பேன்.